குடைத்துணி வானம்

இந்த வாரமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என் எழுத்து கோணல். படித்தது நாலாம் வகுப்பு. ஒன்றை எழுத உட்கார்ந்தால் இன்னொன்று வந்து முன்னால் நிற்கிறது. எழுத நினைத்தது மறந்துபோகிறது. போன வாரம் பள்ளிக்கூட வண்டியின் காளைகள் இரண்டும் வெள்ளை என்று எழுதிவிட்டேன். அச்சில் பார்த்த பிறகுதான் ஒன்று செவலை என்று ஞாபகம் வந்தது. அந்தச் செவலைக் காளை இந்த வாரம் முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தது.

இப்போது எழுதப்போவது ஒரு கூடாரத்தைப் பற்றி.

நல்ல வெயில். கறுப்புத் துணியின் இரண்டு ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். துணி சுடுகிறது. புதுக் குடையை வெயிலில் விரித்தால் ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறுகிறது. காலடியில் டீச்சர் மிஸ்ஸின் பூட்ஸும் பள்ளிக்கூடப் பெண்களின் செருப்புகளும் கிடக்கின்றன. துணிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒரு பிரார்த்தனைப் பாட்டுப் பாடுகிறார்கள். பாட்டு முடிகிறது. சத்தமே இல்லை. பிறகு எல்லோரும் ஒரே மூச்சில் “ஹா!” என்கிறார்கள்.

அந்த “ஹா” எதற்கு என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே நிற்கிறவள்.

வண்டியோடு போகிறவள்

மகாராஜா காலம். வருஷம் கேட்காதீர்கள். உலகச் சண்டை வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோமே, அதற்கு முன்னால் என்பது மட்டும் நிச்சயம்.

நான் பிறந்த கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. கல்யாணமாகி மைசூருக்கு வந்தது இன்னொரு ராஜ்ஜியத்துக்கு வந்த மாதிரி. எங்கள் வீட்டுக்காரர் மைசூரிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக வந்தவர். இவர் ஒரு பெண்கள் மிடில் ஸ்கூலில் சேவகராக இருந்தார்.

அந்த நாளில் வயசுக்கு வரப்போகிற பெண்ணைத் தெருவில் நடத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள். பள்ளிக்கூடமே திரை போட்ட மாட்டு வண்டி அனுப்பும். கூடவே ஒரு பொம்பளை ஆள் வரவேண்டும். அவள் ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கூப்பிட்டு, பெண்ணை வாங்கி வண்டியில் ஏற்றி, சாயந்தரம் அதே வாசலில் அம்மா கையில் ஒப்படைக்க வேண்டும். அப்படி இருந்த ஒரு அம்மாள் நின்றுவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் ஹெட்மிஸ்ட்ரஸான பெரிய மிஸ்ஸிடம், “எங்க வீட்லயே ஒரு ஆள் இருக்காங்கம்மா. பேச மாட்டாங்க. ஆனா நம்பி அனுப்பலாம்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பேசாதவளுக்குக் கூப்பிடுகிற வேலை! முதல் நாளும் சரி, பிறகும் சரி, ஒரு வாசலிலும் எனக்குக் குரல் எழவில்லை. வண்டிக்காரர் நிங்கப்பா, நஞ்சன்கூடு பக்கத்து ஆள், எனக்காக வண்டியிலிருந்தே “ஸ்கூல் காடீ!”, பள்ளிக்கூட வண்டி, என்று கன்னடத்தில் கத்துவார். தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும்.

பெரிய மிஸ் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “விளக்கு வைக்கிறதுக்குள்ளே எல்லாப் பெண்களும் அவங்கவங்க வீட்ல இருக்கணும். ஒரு நாள் தவறினா, மறுநாள் வண்டியில ஏற பெண்ணும் இருக்காது, உனக்கு வேலையும் இருக்காது.”

ராத்திரியைப் பகலுக்குக் கொண்டுவந்தது

கிரேஸ் மிஸ் பெங்களூரிலிருந்து வந்தவர். பெண்களுக்குச் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தார். பெண்களோடு கன்னடம், என்னோடு தமிழ். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சீக்கிரமாக நடப்பார்.

அவருக்கு வந்த சங்கடம் இதுதான். புஸ்தகத்தில் நட்சத்திரப் பாடம் இருக்கிறது. நட்சத்திரம் ராத்திரி வருகிறது. பெண்கள் ராத்திரி வரமுடியாது. மிஸ் வீடு வீடாகப் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா ரொம்ப மரியாதையாக, “நட்சத்திரம் எங்க மாடியிலயே நல்லாத் தெரியுதே மிஸ்” என்றார். நாங்கள் வெளியே வந்ததும் அந்தப் பெண் வாசல் திரை ஓரமாக என் காதில் சொன்னாள்: “அக்கா, பொழுது சாஞ்சா என்னை மாடிக்கே விடமாட்டாங்க.”

மிஸ்ஸும் ஒன்றும் வேறு மாதிரி இல்லை. அவர் இருந்த பெண்கள் ஹாஸ்டலில் பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஜன்னலைத் திறந்தால் மாமரம்தான், வானம் தெரியாது. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிஸ் ஒரு யோசனை பண்ணினார். கடையிலிருந்து குடைத்துணி வந்தது. குடைக்கு வெட்டுகிற மாதிரியே, ஆனால் ஆள் உயரத்துக்கு மேல், எட்டுத் துண்டு. தையல் வகுப்பில் பெண்கள் அதை மடியில் போட்டுக்கொண்டு, நட்சத்திரப் படத்தைப் பார்த்து ஊசியால் ஏதோ செய்தார்கள். வகுப்புக்குள் நான் போகமுடியாது; ஜன்னல் வழியாகக் குனிந்த தலைகள்தான் தெரியும். பிறகு எட்டையும் சேர்த்துத் தைத்து, உச்சியில் ஒரு மரவளையம் வைத்து, மூங்கில் பிளாச்சுகளை வளைத்து நட்டு, அதன்மேல் போட்டார்கள். எருமை படுத்திருக்கிற மாதிரி ஒரு கூடாரம். பள்ளிக்கூடத்தில் மர நிழல் அதிகம் என்று, சாமுண்டி மலைக்குப் போகிற பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் தன் பங்களாவை ஒட்டிய வெட்டவெளியைக் கொடுத்தார். பொங்கல் வரைக்கும்தான், பிறகு அங்கே ஏதோ கட்டப்போகிறார்.

சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்புப் பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போவோம். செய்தி பரவி, வேறு பள்ளிக்கூடத்து மிடில் ஸ்கூல் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஒரு கூட்டம் வெளியே வரும். அடுத்தது உள்ளே போகும். உள்ளே இருட்டாக இருக்கவேண்டும் என்பதால் வாசல் துணியை யாராவது வெளியே நின்று இறுக்கிப் பிடிக்கவேண்டும். நிங்கப்பா ஆம்பளை, காளைகளோடு தூரத்துப் புங்கமரத்தடியில் இருப்பார். மீதி யார்? நான்தான்.

“தங்கம்மா, நல்லா இறுக்கிப் பிடி. நூலளவு வெளிச்சம் வந்தாலும் எல்லாம் போச்சு” என்பார் மிஸ்.

கரண்டா, மெழுகுவத்தியா?

வெளியே வரும் பெண்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தூங்கி எழுந்தவர்கள் மாதிரி வருவார்கள். வெயிலைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

“உள்ளே என்னங்க அம்மிணி இருக்குது?” என்று ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன்.

“ராத்திரி இருக்கு” என்றாள் அலமேலு.

இந்த அலமேலுவைச் சொல்லவேண்டும். ஏழாம் வகுப்பு. மேல்கோட்டைக்காரர்கள் வீட்டுப் பெண். அப்பா மைசூரில் சம்ஸ்கிருதப் பண்டிதர். ரெட்டைப் பின்னல், அரைப்படி வாய். வண்டியில் அவள் ஏறினால் நிங்கப்பாவே வாயை மூடிக்கொள்வார்.

வீட்டில் இவரிடம் கேட்டேன். “உள்ளே கரண்டு போட்டிருப்பாங்க. தசராவுக்கு அரமனைக்குப் போடறாங்க இல்ல, அதே பல்பு. சின்னதா இருக்கும்” என்றார். மைசூர்க்காரர்களுக்கு வெளிச்சம் என்றாலே அரண்மனை விளக்குத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வெட்டவெளியில் ஒரு கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. சரி, மெழுகுவத்தி என்று வைத்துக்கொண்டால் புகை வாசனை வரவேண்டும். தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்கவேண்டும். ஒன்றும் இல்லை. பாட்டுத்தான் கேட்டது. பாட்டுக்கு எப்படி வெளிச்சம் வரும்?

ஒரு வாரம் முழுக்க இதையே யோசித்துக்கொண்டு சாம்பாரில் உப்புப் போட மறந்தேன்.

அடுத்த சனிக்கிழமை துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கண்ணுக்கு நேரே ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே பார்த்தால் எங்கே பார்த்தாலும் ஓட்டை. சில இடத்தில் கூட்டமாக, சில இடத்தில் ஒன்றிரண்டு. மிஸ் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

“மிஸ், ஒண்ணு சொல்லோணுங்க. துணியைப் பூச்சி அரிச்சிருச்சுங்க.”

“எங்கே?”

“எல்லா எடத்துலயும்தானுங்க. என்றகிட்ட ஊசி நூல் இருக்குது. நீங்க சரின்னா இப்பவே உக்காந்து அடைச்சுப் போடறனுங்க.”

அலமேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ! தங்கம்மாவை விட்டா சப்தரிஷி மண்டலத்தையே தைச்சு மூடிடுவா போல இருக்கே!”

மிஸ்ஸுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. “அதெல்லாம் ஊசியால குத்தினது தங்கம்மா. ஓட்டைதான் நட்சத்திரம். உள்ளே இருந்து பாத்தாத் தெரியும். ஒரு பாட்டு நேரத்துல கண்ணு இருட்டுக்குப் பழகிடும்” என்றார். அதற்குள் அடுத்த பள்ளிக்கூடத்து வண்டி வந்துவிட்டது. நான் துணியைப் பிடித்தேன்.

எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு ஓடு உடைந்திருந்தது. காலையில் அந்த வழியாக அடுப்படிச் சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். மறுநாள் தோசை திருப்பும்போது அது கண்ணில் பட்டது. அட, இவ்வளவுதானா! விளக்கும் இல்லை, கரண்டும் இல்லை. சூரியனை வைத்துக்கொண்டே ராத்திரியைச் செய்திருக்கிறார் மிஸ்.

விஷயம் புரிந்தது. புரிந்ததனால் ஆசை தீரவில்லை, அதிகமாயிற்று. ஒரு பொட்டுக்கே சுவர் அப்படி இருந்தால், அத்தனைக்கும் எப்படி இருக்கும்?

அடுத்த முறை யாரும் பார்க்காதபோது ஒரு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், “மிஸ்! ஒரு நட்சத்திரம் அணைஞ்சுபோச்சு!”

சட்டென்று தலையை எடுத்துக்கொண்டேன்.

“இல்ல மிஸ், வந்துடுத்து.”

மார்கழி விடியல்

பொங்கலுக்கு முந்தின வாரம். கூடாரத்துக்குக் கடைசிப் பயணம், எங்கள் ஏழாம் வகுப்புக்குத்தான் முறை. முன்பு ஒரு தடவை பார்த்தவர்கள்தான். இந்தத் தடவை நிஜ வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று மிஸ்ஸுக்கு ஆசை.

அந்த வார நடுவில் ஒரு சாயந்தரம் மிஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “விளக்கு வெச்ச பிறகு நீங்க வெளியே வரக்கூடாது. சரி. விடியறதுக்கு முன்னாடி?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்கழியில் எந்தப் பெண் விடிந்த பிறகு எழுந்திருக்கிறாள்? இருட்டோடு வாசல் தெளித்துக் கோலம் போடவேண்டும். கன்னடத்துப் பெண்களும் அந்த மாசம் அப்படித்தான், அவர்கள் ரங்கோலி என்பார்கள். அந்த நேரத்தில் பெண் வெளியே நிற்காவிட்டால்தான் வீட்டில் திட்டு விழும்.

“சனிக்கிழமை கோலம் போட வெளியே வர்றப்போ வடக்கே பாருங்க. சப்தரிஷி உயரத்துல இருக்கும். நாலு நட்சத்திரம் பெட்டி மாதிரி, மூணு வால் மாதிரி. பார்த்தபடியே கோலத்துக்குப் பக்கத்துல ஏழு புள்ளி வைங்க. அப்புறம் கூடாரத்துக்குப் போய்ப் பார்ப்போம்.”

சனிக்கிழமை காலை என் சுற்று ஆரம்பமாயிற்று. முதல் வாசலில் வழக்கமான பெரிய கோலம். அதன் ஓரத்தில் அரிசி மாவில் ஏழு புள்ளி. எறும்புகள் ஒரு புள்ளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அடுத்த வாசலிலும் ஏழு புள்ளி. அதற்கடுத்த தெருவிலும். விஷயம் தெரியாதவர்களுக்கு அது ஏதோ சிந்தின மாவு. எனக்கு மட்டும், வாசலுக்கு வாசல் அதே ஏழு நட்சத்திரம் இறங்கி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நானே எல்லா வீட்டிலும் குரல் கொடுத்தேன்.

அலமேலு வீட்டு வாசலில் அவள் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது என்ன கோலம்டி, கோணலும் மாணலுமா? புள்ளிக்கு வரிசை வேண்டாமோ?”

“நான் வெக்கலை அம்மா. பெருமாள் அப்படித்தான் வெச்சிருக்கார்” என்று சொல்லிவிட்டு அலமேலு வண்டியில் தாவி ஏறினாள்.

நாகரத்னா என்ற நாகு வீட்டு வாசலிலும் ஏழு புள்ளி இருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். மற்ற வீட்டுப் புள்ளியோடு சேரவில்லை.

நாகுவின் வால்

வண்டிக்குள் சண்டை ஆரம்பித்தபோது நாங்கள் ஊரைத் தாண்டியிருந்தோம். நாகு பேசியது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“வால் பெட்டிக்கு வலப்பக்கம்” என்றாள் அலமேலு.

“இடப்பக்கம்” என்றாள் நாகு.

“எல்லாரும் வலப்பக்கம்னுதானே வெச்சிருக்கோம்? நீ எழுந்திருக்கவே இல்லைடி. போர்வைக்குள்ளே இருந்துண்டே வானத்தைப் பாத்தியா?”

“தேவராணே! சத்தியமா எழுந்தேன்.”

“எழுந்தே, சரி. நிமிர்ந்து பாத்தியா?”

நாகுவின் முகம் சிவந்துவிட்டது. முன்னாலிருந்து நிங்கப்பா, “வாலுக்கா சண்டை? என் மாட்டுக்கு ரெண்டு பக்கமும்தான் ஆடுது” என்றார்.

கூடாரத்தடியில் காத்திருந்த மிஸ் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “நீதானே தங்கம்மா எல்லா வாசலுக்கும் போனே?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “மத்த வாசல்லயெல்லாம் ஒரே மாதிரிங்க. நாகு அம்மிணி வாசல்ல மட்டும் வால் அந்தாண்டைங்க.”

அவ்வளவுதான், நாகு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே உண்மை வந்தது. விடியலில் பனி அதிகம், குளிர். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. போன தடவை கூடாரத்துக்குள் பார்த்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் புள்ளி வைத்தாள். “ஆனா கூடாரத்துல வால் இடப்பக்கம்தான் மிஸ்! நான் தப்பாப் பாக்கலை!”

மிஸ் நேராக உள்ளே போனார். நான் துணியைப் பிடித்தேன். பாட்டுக்கூட இல்லை. கொஞ்சம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“நாகு சரியாத்தான் பார்த்திருக்கா.”

“வானம் சுத்துமே மிஸ்” என்றாள் அலமேலு. முதல் தடவையாக அவள் குரலில் சண்டை இல்லை. “வேற நேரத்துல அந்தப் பக்கம் வருமோ என்னவோ.”

மிஸ் என் காலடியிலிருந்து தன் இடது கால் பூட்ஸை எடுத்தார். நேராக வைத்துக் காட்டினார், தலைகீழாகக் காட்டினார், சுற்றினார். “எப்படிச் சுத்தினாலும் இது வலது கால் பூட்ஸ் ஆகுமா? ஆகாது. இத்தனை நாளா உங்களுக்கு நான் இடது கால் வானத்தைக் காட்டியிருக்கேன்.”

பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். வேறு பள்ளிக்கூடத்துப் பெண்கள் எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள்! அவர்களையெல்லாம் எப்படித் திரும்பக் கூப்பிடுவது? அவர் அதைச் சொல்லவில்லை. பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது.

நல்ல பக்கம்

தப்பு எங்கே நடந்தது என்று மத்தியானக் கட்டுச்சோற்றுக்குப் பிறகு பெண்களே கண்டுபிடித்தார்கள். எல்லோரும் தையல் வகுப்புப் பெண்கள்தானே. எந்தத் துணியிலும் பூவேலை செய்யும்போது நல்ல பக்கத்தில்தான் படம் வரைவோம். தைத்து முடிக்கும்போது நல்ல பக்கம் வெளியே வரும், தையல் உள்ளே போகும். ரவிக்கையானாலும் தலையணை உறையானாலும் அதுதான் வழக்கம். நட்சத்திரத்தையும் அப்படியே நல்ல பக்கத்தில் குத்தி, நல்ல பக்கம் வெளியே தெரியத் தைத்துவிட்டார்கள். மிஸ்ஸும் ஒவ்வொரு துண்டாகத் தரையில் விரித்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தவர்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வெளியேயிருந்து பார்க்கிறவர்களுக்கு. உள்ளே உட்கார்ந்து பார்க்கப்போகிறோம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அப்போ திருப்பிப் போட்டாச் சரியாயிடுமே மிஸ்!” இதைச் சொன்னது யார் என்று ஞாபகமில்லை. நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

மூங்கில் மேலிருந்து துணியை இறக்கினோம். ஓரத்தைப் பிடித்துப் புரட்டப் பார்த்தோம். மார்கழிக் காற்று உள்ளே புகுந்துகொண்டு துணி கப்பல் பாய் மாதிரி உப்பியது. இரண்டு பெண்கள் சுற்றிக்கொண்டு விழுந்தார்கள். நிங்கப்பா மரத்தடியிலிருந்து, “பொழுது போகுதம்மா” என்று கத்த ஆரம்பித்தார்.

“தலையணை உறையை எப்படித் திருப்புவோம்? உள்ளே கையை விட்டு மூலையைப் பிடிச்சு இழுப்போம்” என்றார் மிஸ். “யாராவது உள்ளே ஊர்ந்து போய் உச்சி வளையத்தைப் பிடிச்சு வெளியே இழுக்கணும்.”

“நான்! நான்!”

“நீங்க வேண்டாம். புழுதி. பாவாடை அழுக்கானா வீட்ல கேப்பாங்க.” மிஸ் என் பக்கம் திரும்பினார். “தங்கம்மா, நீ போறியா?”

வேலையாகத்தான் சொன்னார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்கள் தூக்கிப் பிடித்த ஓரத்தின் வழியாக மண்டியிட்டு உள்ளே போனேன். பின்னால் துணி விழுந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. துணி தலைமேலும் முதுகின் மேலும் கிடந்தது. புல் வாசனை, குடைத்துணி வாசனை. கையை நீட்டித் தடவிக்கொண்டே ஊர்ந்தேன். நடுவில் வளையம் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுந்து உட்கார்ந்தேன். காற்று ஒரு தடவை கீழே புகுந்து துணியைத் தூக்கியது.

நான் “ஹா” சொல்லவில்லை. சத்தம் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தலைக்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில், மூக்குக்கு எதிரில், எங்கே பார்த்தாலும் நட்சத்திரம். கையை நீட்டினால் தொடலாம். காற்றுக்கு அத்தனையும் அசைந்தது. என் புடவையில் வெளிச்சப் பொட்டு. கையில், வளையலில் பொட்டு. கையைத் திருப்பினேன், உள்ளங்கையிலும் இரண்டு இருந்தது. பாதி வானம் மடிப்பில் சுருங்கியிருந்தது. வாசல் வாசலாகப் பார்த்து வந்ததனால் அந்த ஏழு நட்சத்திரத்தையும் நானே தேடிக் கண்டுபிடித்தேன். நாலு பெட்டி, மூணு வால். வால் இடப்பக்கம்.

“அக்கா, வளையம் கிடைச்சுதா?” வெளியே அலமேலு.

“இன்னும் இல்லீங்க அம்மிணி” என்றேன். வளையம் என் மடியில் இருந்தது.

இடமும் வலமும்

பிறகு இழுத்தேன். நான் ஊர்ந்து வர வர நட்சத்திரமெல்லாம் மடிந்து மடிந்து என் கையோடு வந்தது. வெளியே வந்தபோது தலையெல்லாம் புல். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திருப்பிப் போட்ட கூடாரம் பார்க்கச் சகிக்கவில்லை. எட்டுத் தையலும் வெளியே துருத்திக்கொண்டு, நூல் பிசிறு தொங்கிக்கொண்டு இருந்தது. “வெளியே நின்னு பாக்கிறவங்க பாக்கட்டும்” என்றார் மிஸ். நாகுவை முதலில் உள்ளே அனுப்பினார். நான் வாசல் துணியைப் பிடித்தேன். பாட்டு, அமைதி, “ஹா!” அதற்கு மேல் நாகுவின் குரல்: “வலப்பக்கம்! வலப்பக்கம்!”

அவர்கள் வெளியே வந்ததும் மிஸ் என்னிடம், “தங்கம்மா, ஒரு நிமிஷம் நீயும் சரியானதைப் பார்த்துடு” என்றார். ஆனால் வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அந்த வானத்துக்குச் சூரியன்தானே விளக்கு. “போயிரலாமுங்க மிஸ். வீட்டுல விளக்கு வெச்சிருவாங்க” என்றேன். ஒவ்வொரு பெண்ணையும் அம்மா கையில் ஒப்படைத்தபோது எந்த வீட்டிலும் இன்னும் விளக்கு வைக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அந்த இடத்தில் சுவர் எழுப்பினார்கள். மிஸ் மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்ததாக எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த வருஷம் மிஸ்ஸுக்கு மாற்றலாகிவிட்டது. துணி என்ன ஆயிற்று என்று தெரியாது.

கூடாரத்தைத் திருப்பிய மறுநாள் விடியலில் வாசல் தெளித்துவிட்டு நானும் வடக்கே பார்த்தேன். அதுவரை எனக்கு எல்லாம் வெறும் நட்சத்திரம்தான். அன்றைக்கு அந்த ஏழு நட்சத்திரத்தையும் அடையாளம் கண்டேன். வால் வலப்பக்கம் இருந்தது, நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஆனால் எட்டத்தில் இருந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கண்ணை மூடினால் வருவது மடியில் வளையத்தோடு பார்த்ததுதான். அதில் வால் எப்போதும் இடப்பக்கம்.

அதனால்தான் பயமாக இருக்கிறது, இதை எழுதும்போதும் இடத்தையும் வலத்தையும் எங்காவது மாற்றி எழுதியிருப்பேனோ என்று. இப்போது என் இரண்டு கண்ணிலும் புரை. நானே பார்த்துச் சொல்ல வழியில்லை. படிக்கிறவர்களில் யாராவது மார்கழியில் விடிவதற்கு முன் எழுந்து, வடக்கே பார்த்து, வால் எந்தப் பக்கம் என்று சரிபார்த்துப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போட்டால் புண்ணியம். போடும்போது, வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தீர்களா, புஸ்தகத்தில் பார்த்தீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.